திரும்பி நின்ற ஆள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? கடைவாய்ப் பல் வலி குறைந்ததா? ஊரில் இருக்கிற எல்லாருக்கும் பல் செட் செய்து கொடுக்கிறேன், சொந்த அண்ணன் வாயை எட்டிப் பார்க்க முடியவில்லை. போன தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ வாயை ஆவென்று திறந்து காட்டியதையும் சிறைக் காவலர் உன்னை அதட்டியதையும் நினைத்து லேபில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வண்டி வந்துவிட்டது. எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாயே. ஒரு சாய்வு நாற்காலியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் மாட்டியதாக நினைத்துக்கொள். காலை நேராக நீட்டி மிதிக்க வேண்டும். ஹேண்டில் இரண்டு தொடைக்கும் பக்கத்தில் இருக்கிறது. மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்துகொள்ளும். மேட்டில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். இடுப்பு மூட்டை மாற்றிய பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போன காலம் முடிந்தது. முதல் நாள் லேப் வாசலில் வந்து நின்றபோது எங்கும் வலிக்கவில்லை என்பதே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

கீழே இருந்து பார்த்தால் ரோடே வேறு. என் கண்ணுக்கு நேராக இருப்பது லாரியின் சக்கர ஆணிகள். சிக்னலில் நின்றால் புகைக்குழாய் மூஞ்சியில் ஊதுகிறது. நாய்கள் என்னைச் சரிசமமாகப் பார்த்துவிட்டுப் போகின்றன. மற்றவர் கண்ணில் படுவதற்காகப் பின்னால் உயரமாக ஒரு கம்பு நட்டு ஆரஞ்சு நிறக் கொடி கட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு தொல்லை. பாலம் தாண்டியதும் வரும் குறுகலான ரோட்டில் தினமும் ஒரு சாம்பல் நிற வேன் பின்னாலேயே ஒட்டி வருகிறது. குழாய் ஏற்றுகிற வேன். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வருவான். நேற்று தாண்டும்போது ஜன்னல் வழியாகத் துப்பினான். நான் இருக்கிற உயரத்துக்கு அது நேராக முகத்தில் விழுந்தது. துடைத்துக்கொண்டு போய்விட்டேன். நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

பதில் போடு. போன மாதம் போடவில்லை என்று எனக்குக் கோபம்.

உன் அன்புத் தங்கை,
நண்டு

பிப்ரவரி 21

என் அருமை நண்டுக்கு,

சின்ன வயதில் நீ பக்கவாட்டில் நடப்பதைப் பார்த்து நான் வைத்த பேர். இப்போது அதற்கு ஏற்ற வண்டியும் வாங்கிவிட்டாய். எனக்குத் தீர்க்கதரிசி என்று பட்டம் கொடுக்கலாம்.

போன மாதம் எழுதாததற்குக் காரணம், எழுத நல்லதாக ஒன்றும் இல்லை. என்னைச் சமையல்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே டீ வரிசையில் ஒருவன் முந்திவிட்டான் என்று இன்னொருவன் கொதிக்கிற அண்டாவைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தான். சட்டையைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது. எங்கள் எல்லாரையும் முட்டி போடச் சொல்லிக் கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவன் வாந்தி எடுத்தான். நான் கரண்டியை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி அதை நினைத்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்த வேன்காரனை நான் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். அவன் சட்டைக்குள்ளே நான் இருந்திருக்கிறேன். காலையில் எங்கேயோ யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருப்பான். யார் மேலாவது இறக்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும். சாக்கு கொடுத்துவிடாதே. கண்ணைப் பார்க்காதே, பதில் பேசாதே, அவன் வண்டி மேல் கை படக் கூடாது. அந்த சைக்கிள்காரர் என்ன பெரிதாகச் செய்துவிட்டார்? இடித்துவிடாதே என்று என் கார் கண்ணாடியைத் தட்டினார். நான் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன், அதனால்தான் இங்கே இருக்கிறேன். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து சீட்டில் நீதான் இருந்தாய்.

ஜாக்கிரதை. பல் வலி அப்படியேதான் இருக்கிறது.

உன் அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். படித்துவிட்டு உள்ளே ஏதாவது செய்துவைக்காதே.

செவ்வாய்க்கிழமை காலை அந்த வேன் பின்னால் வந்து பம்பரால் என் பின்சக்கரத்தைத் தொட்டது. மெதுவாக ஒரு தடவை, பிறகு கொஞ்சம் பலமாக. என் வண்டி நடைபாதை விளிம்பில் ஏறிச் சாய்ந்து நின்றது. அவன் இறங்கி வந்தான். இந்த வண்டியிலிருந்து நான் நினைத்த மாத்திரத்தில் எழ முடியாது. காலைப் பெடலிலிருந்து எடுத்து, கையை ஊன்றி, ஒரு பக்கமாகப் புரண்டு, பிறகுதான் இடுப்பை நிமிர்த்தலாம். அதற்குள் தலைக்கு மேலே வந்து நின்றுவிட்டான்.

முரடன் மாதிரியெல்லாம் இல்லை. வழுவழுவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. கொடிக்கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து உடைத்தான். உடைந்த பாதியால் என் கெண்டைக்காலில் அடித்தான். திரும்பத் திரும்ப, தூசி தட்டுகிற மாதிரி. ஆத்திரம்கூட இல்லை.

"தரையில ஊர்றதுக்கு உனக்கு ரோடு எதுக்கு?" என்றான்.

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் பஸ் வருகிறதா என்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் போன பிறகு ஒருவர் வந்து கை கொடுத்தார்.

போலீஸில் எழுதிக்கொண்டார்கள். வண்டி தாழ்வாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை, கம்பு தானாக ஒடிந்தது என்று அவன் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நாளைக்கு பஸ்ஸில் போகலாமே என்று அதிகாரி கேட்டார். ஒரு நாள் பஸ்ஸில் நின்றால் மறுநாள் மேசை முன்னால் உட்கார முடியாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று லேபில் மெழுகில் வரிசையாக வைத்த பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தேன். பீங்கான் பல் செய்கிறவர் என் காலைப் பார்த்துவிட்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

புதிய கம்பு மாட்டிவிட்டேன். வண்டியைப் பூட்டத் தடிமனாக ஒரு சங்கிலியும் வாங்கி இருக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். பூட்டத்தான்.

உன் தங்கை,
நண்டு

மார்ச் 22

நண்டு,

வண்டி நம்பரை எழுது. நம்பர் மட்டும் போதும். இதற்கு மேல் நான் எழுதினால் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறவர் கறுப்பு மையால் அடித்துவிடுவார். உனக்குப் புரியும். மறு தபாலில் எழுது.

மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆகிறது. கிழித்துப் போடலாம் என்றால் வேறு தாள் இல்லை. நம்பரை எழுதாதே. கேட்டாலும் எழுதாதே, கெஞ்சினாலும் எழுதாதே.

உன் கடிதம் வந்த அன்று சுவரில் குத்தினேன். விரல் முட்டி இரண்டு வீங்கிப்போய், வெங்காயம் உரிக்கக்கூடக் கை மடங்கவில்லை. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் காலில் விழுந்த ஒவ்வொரு அடியையும் நான் இங்கே உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். அவன் கையை என்ன செய்வேன் என்று விரல் விரலாக நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க நினைக்க இனிக்கிறது. அப்புறம் அந்த சைக்கிள்காரரின் தங்கை ஞாபகம் வருகிறது. தீர்ப்பு நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அவள். விரல் விரலாகத்தான் அவளும் நினைத்திருப்பாள்.

வேறு வழியாகப் போ. சுற்றுவழி என்றாலும் போ. உன்னை நினைத்துத்தான் நான் இங்கே நாளைத் தள்ளுகிறேன், நண்டு. உனக்கு ஏதாவது ஒன்று என்றால் எனக்கு வெளியே என்று ஒன்று கிடையாது.

அண்ணன்

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

செய்தித்தாளில் நீ பார்ப்பதற்கு முன்னால் என் கையால் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மார்பில் கன்றிப்போனது தவிர அடி ஒன்றும் இல்லை.

திங்கள்கிழமை அவன் மறுபடி வந்தான். சுற்றுவழியில் ரோடு வெட்டிப் போட்டிருந்ததால் பழைய வழியில் போயிருந்தேன். என்னைத் தாக்கினான். நான் பூட்டுச் சங்கிலியால் அடித்தேன். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இன்னும் நினைவு திரும்பவில்லை. பின்மண்டையில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, தோள் எலும்பு முறிந்திருக்கிறது, முன்பற்கள் போய்விட்டன.

போலீஸார் மரியாதையாக நடத்தினார்கள். முதலாளியம்மா ஏற்பாடு செய்த வக்கீல், இது தற்காப்பு, வழக்கு ஒரு நாள்கூட நிற்காது என்கிறார். ஏற்கனவே நான் கொடுத்த புகார் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் இருந்த ஒரு அம்மா, அவன் என்னை உதைத்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். லேபுக்குள் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கவலைப்படாதே. பல்லைக் கவனித்துக்கொள்.

தங்கை

ஏப்ரல் 27

நண்டு,

இது தபாலில் வராது. இங்கே எங்களோடு இருந்த தையல்காரர் நாளைக்கு விடுதலை. அவர் சட்டை மடிப்பில் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். படித்ததும் எரித்துவிடு.

செய்தித்தாளை இங்கே சத்தமாகப் படித்தார்கள். என் தங்கை என்று சொன்னதும் எனக்கு ஒரு ரொட்டி அதிகமாகக் கிடைத்தது. அப்புறம் உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நீ எழுதுகிற மாதிரியே இல்லை. சிரிப்பு இல்லை, முதலாளியம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்றுகூடச் சொல்லவில்லை, கடைசியில் பேரும் இல்லை.

முன்னால் நின்று அடித்தவனுக்குப் பின்மண்டையில் எப்படி அடி பட்டது?

பதில் எழுதாதே. எனக்குப் பதில் வேண்டாம், தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. வக்கீல் என்ன எழுதிக் கொடுக்கிறாரோ அதை அப்படியே சொல்லு. மூச்சு விடாமல் பொய் சொல்லு. நான் இருக்கிற இடத்துக்கு நீ வரக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தையல்காரர் தினமும் வெளியே போகமாட்டார். கோர்ட்டில் உன்னைக் கூண்டில் ஏற்றி, அண்ணன் அடிக்கும்போது அந்த ஆள் எப்படி நின்றார் என்று கேட்டார்கள். என் வக்கீல் உனக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் பாய்ந்து வந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்போது வெளியே இருந்திருப்பேன். நீ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அவர் திரும்பி நின்னாரு, சைக்கிளைத் தூக்கிக்கிட்டிருந்தாரு" என்று சொன்னாய். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா? இப்போதும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ பொய் சொல்லு.

அண்ணன்

மே 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதைத் தபாலிலேயே போடுகிறேன். பிரித்துப் படிப்பவரும் படிக்கட்டும்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. பின்னால் ஹாரன் கேட்டதும் நான் ஓரம் கட்டி நின்றுவிட்டேன், அவன் போகட்டும் என்று. போகவில்லை. முன்னால் நிறுத்திவிட்டு வந்து, விலாவில் ஒரு உதை விட்டு, என் மார்பில் காலை வைத்து இருக்கையோடு சேர்த்து அழுத்தினான். செருப்பு ஈரமாக இருந்தது. "போலீஸுக்கெல்லாம் போறியாமே" என்றான். நீ சொல்லிக் கொடுத்தபடி நான் கண்ணைப் பார்க்கவில்லை, பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கே சலித்துவிட்டது. காலை எடுத்தான். திரும்பி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தான்.

அதோடு முடிந்துவிட்டது, அண்ணா. அவன் போய்க்கொண்டிருந்தான்.

நான் எழுந்தேன். காலைப் பெடலிலிருந்து எடுத்து, கையை ஊன்றி, புரண்டு, நிமிர்ந்து. இவ்வளவையும் அவசரமே இல்லாமல் செய்தேன். வேண்டாம் என்று உட்கார்ந்துவிட எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவன் கதவில் கை வைத்த நேரம் பின்மண்டையில் வீசினேன். கதவு விளிம்பில் வாய் மோதிக் கீழே விழுந்தான். பற்கள் ரோட்டில் தெறித்தன. மேல்வரிசை நடுப்பல் இரண்டு, அவற்றுக்கு இடப்பக்கம் ஒன்று. பார்த்தவுடன் எது எந்தப் பல் என்று மனசு சொல்லிக்கொண்டே போனது. அவன் எழ முயன்றபோது தோளில் அடித்தேன். எலும்பு ஒடிந்த சத்தம் கேட்டது. மறுபடி அதே இடத்தில் அடித்தேன். நன்றாக இருந்தது. மார்பிலிருந்து அந்தக் காலை இப்போதுதான் எடுத்த மாதிரி இருந்தது. இரக்கப்பட்டு நிறுத்தவில்லை. இடுப்பு வலித்தது, நிறுத்தினேன். வேன் மறைத்ததால் அந்த அம்மாவுக்கு உதைத்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

போன வாரம் அவன் மனைவி லேபுக்கு வந்தாள். அவனுக்கு நினைவு வந்துவிட்டது, ஆனால் பேச்சு குழறுகிறது, ஆளை மாற்றிக் கூப்பிடுகிறான் என்றாள். அழ வந்திருக்கிறாள், அல்லது அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கைப்பட்டனைக் கழற்றி மணிக்கட்டுக்கு மேலே இருந்த பழைய தழும்புகளைக் காட்டினாள்.

"நீங்க செஞ்சதுதான் சரி. இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்" என்றாள்.

போட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் போன பிறகு மேசையில் இருந்த பல் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் சரி என்கிறது, வக்கீல் சரி என்கிறார், அடிபட்டவன் வீட்டில்கூடச் சரி என்கிறார்கள். அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வந்து, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, நானும் சரிதான் என்கிற முகத்தோடு உன் பல் வலியை விசாரிப்பதை நினைத்தேன். என்னால் ஆகாது.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். அதே வண்டியில்தான். அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார்.

"அவர் திரும்பி நின்னாரு. நான்தான் பின்னால இருந்து அடிச்சேன். விழுந்த பிறகும் அடிச்சேன்" என்று சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, யாரும் உங்களை எதுவும் கேக்கலையே" என்றார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். வண்டியையும் சங்கிலியையும் சாட்சிப் பொருள் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று ஒருவர் கேட்டார். நடந்து போனேன். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

வக்கீல் கத்தினார். குறைந்தது இரண்டு வருஷம் என்கிறார். நீ சொன்னதைக் கேட்கவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். அன்றைக்கும் நான் கேட்கவில்லை. உன்னைத் தண்டிக்க நினைத்து அப்படிச் சொன்னேன் என்று ஒரு நாளாவது நீ நினைத்திருந்தால், அப்படி இல்லை, அண்ணா. அவர் திரும்பித்தான் நின்றார்.

உன்,
நண்டு

மே 23

என் நண்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை. உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். சமையல்கூடத்தில் இருப்பதில் அது ஒரு வசதி.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள்.

தீர்ப்புக்குப் போகும்போது நாடா வைத்த உடுப்பு எதுவும் போடாதே, உருவிக்கொள்வார்கள், அப்புறம் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். இடுப்பு மாற்றியிருப்பதால் அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டுதான் வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கு. உள்ளே நுழைந்ததும் முதல் பரிசோதனையில் கேட்டுவிடு. அன்றைக்கு விட்டால் அப்புறம் காது கொடுக்கமாட்டார்கள். முதல் வாரம் யாராவது அன்பாக ஏதாவது கொடுத்தால் வாங்காதே, திருப்பிக் கேட்பார்கள். சாப்பிடுகிற இடத்தில் சுவரில் முதுகு வைத்து உட்கார். எதற்காக வந்தாய் என்று கேட்டால் சொல்லிவிடு, பொய் சொல்ல உனக்குத் தெரியாது, மாட்டிக்கொள்வாய். பல் வேலை தெரியும் என்பதை மட்டும் முதல் நாளே சொல்லு. உள்ளே எல்லாருக்கும் பல் வலி உண்டு. உன் மேல் கை வைக்க யோசிப்பார்கள்.

யாராவது அடித்தால் விழுந்துவிடு. எழாதே, நண்டு. எழுந்தால் உனக்கு என்ன வரும் என்று இப்போது நம் இருவருக்கும் தெரியும். அது வரும்போது எண்ணிக்கொண்டிரு, எதையாவது எண்ணு, ஜன்னல் கம்பியை எண்ணு. எனக்கு அதைப் பழக இத்தனை காலம் ஆனது. நீ படித்தவள், சீக்கிரம் பழகிவிடுவாய்.

அவர் திரும்பித்தான் நின்றார். எனக்கும் தெரியும். நான் அதை எங்கேயும் எழுதியதில்லை, இங்கே எழுதுகிறேன். பிரித்துப் படிப்பவர் படித்துக்கொள்ளட்டும்.

ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்குக் கடிதம் போட மேலிடத்து அனுமதி வேண்டுமாம். கேட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள், கிடைக்காமலும் போகலாம். அதனால் நீ உள்ளே போன பிறகு என்னிடமிருந்து ஒன்றும் வராது. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

போடுகிறதைச் சாப்பிடு.

அண்ணன்